நெட் ஆங்கிலம், யூனிட் 4: யாருக்குக் கோபம் வந்தது என்று பாருங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) மயிரிழையில் போனது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் பேப்பர் 2-க்கு (பாடத் தாள், எனக்கு ஆங்கில இலக்கியம்) எப்படிப் படித்தாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். நாடகம், கவிதை, தியரி (இலக்கியக் கோட்பாடு) பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைக் கரை சேர்த்தது யூனிட் 4, அதாவது புனைவல்லாத உரைநடைதான். அதிலும் 1580களில் தொடங்கி 1720கள் வரை இங்கிலாந்தில் வந்த துண்டுப் பிரசுரங்களும் பத்திரிகைகளும்.

எல்லோரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிற பகுதி இது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. நான் காசு கட்டிச் சேர்ந்த கோச்சிங் சென்டரில் இதற்குக் கொடுத்த நோட்ஸ் முழுக்கத் தலைப்பு, ஆசிரியர், வருடம், அவ்வளவுதான். டெலிபோன் டைரக்டரியை யார் மனப்பாடம் செய்வார்கள்?

வருடத்தை ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில், இதைப் படித்து யாருக்குக் கோபம் வந்தது, கோபப்பட்டவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். அந்தக் காலத்தில் பேனா எடுத்தவர்களில் பெரும்பாலானோர் யாருக்காவது பதில் சொல்லத்தான் எடுத்தார்கள். சண்டை நினைவில் நின்றால் வரிசைப்படுத்தும் கேள்விகள் சுலபம். எது எதற்கு முன்பு என்பதுதானே அங்கே வேண்டும்.

வில்லியம் ப்ரின்னை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகம் பாவம் என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் நீளும் ‘ஹிஸ்ட்ரியோமாஸ்டிக்ஸ்’ எழுதினார். ஆபத்து வந்தது நூலின் கடைசியில் இருந்த பொருளடைவால். நடிக்கும் பெண்களை வேசிகள் என்று அதில் ஒரு பதிவு. அரசி ஹென்ரியெட்டா மரியாவோ அதே சமயத்தில் அரண்மனை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அரசியைத்தான் சொல்கிறார் என்று வழக்கு. 1634-இல் காதை நறுக்கினார்கள். மனிதர் அடங்கவில்லை. பிஷப்புகளைத் திட்டி மறுபடி எழுத, 1637-இல் மிச்சமிருந்த காதும் போய், கன்னத்தில் எஸ், எல் என்று இரண்டு எழுத்துச் சூடும் விழுந்தது. அரசைத் தூற்றுபவன் என்பதற்கான சுருக்கம் அது. அவரோ, இவை பிஷப்புகளின் தலைவரான ஆர்ச்பிஷப் லாட் போட்ட முத்திரைகள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். தண்டித்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தை 1641-இல் பாராளுமன்றம் கலைத்தது. அதோடு பழைய அச்சுக் கட்டுப்பாடும் சரிந்து, பிரசுரங்கள் வெள்ளமாக வந்தன. ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தக வியாபாரி 1640-இலிருந்து 1661 வரை சேர்த்தவை மட்டும் சுமார் 22,000. இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு 1641 மறந்துபோகுமா?

இங்கேதான் ‘பாரடைஸ் லாஸ்ட்’ கவிஞர் மில்டன் வருகிறார். வெள்ளத்தைத் தடுக்க ஜூன் 1643-இல் அதே பாராளுமன்றம் அச்சிடும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆணை போட்டது. சில வாரத்தில் மில்டன் விவாகரத்தை ஆதரித்து அனுமதி வாங்காமலே ஒரு பிரசுரம் வெளியிட்டார். அதை எரிக்க வேண்டும் என்று பாராளுமன்றத்துக்கு முன்னாலேயே ஒரு போதகர் பிரசங்கம் செய்தார். நவம்பர் 1644-இல் அந்த ஆணையை எதிர்த்து ‘ஏரியோபஜிட்டிகா’. அதற்கும் அனுமதி வாங்கவில்லை, அச்சிட்டவர் பெயரும் இல்லை, மில்டனின் பெயர் மட்டும் துணிச்சலாக நிற்கிறது. ஆணை அசையவில்லை என்பது வேறு கதை.

கூற்று-காரணம் வகைக் கேள்விகளில் இங்கே கவனமாக இருங்கள். ‘மில்டன் எல்லாத் தணிக்கையையும் எதிர்த்தார்’ என்று கொடுத்தால் தவறு. அச்சுக்கு முன் அனுமதி கேட்பதைத்தான் எதிர்த்தார். வெளிவந்த நூல் கேடு செய்தால் தண்டிக்கலாம் என்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. கத்தோலிக்கத்துக்கு அந்தச் சுதந்திரத்தை அவர் தரவும் இல்லை. 1651 வாக்கில் ஒரு செய்தித்தாளுக்கு அனுமதி வழங்கும் வேலையையும் அவரே பார்த்தார். இதை என் தோழியிடம் போனில் சொன்னபோது, ‘ச்சே, இவருமா!’ என்றாள். அந்த ‘ச்சே’ வந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

‘ராபின்சன் க்ரூசோ’ எழுதிய டீஃபோ இன்னும் சுவாரசியம். டிசம்பர் 1702-இல் ‘தி ஷார்ட்டெஸ்ட் வே வித் தி டிஸ்சென்டர்ஸ்’. அவரே டிஸ்சென்டர், அதாவது அரசின் சர்ச்சில் சேராத மாற்றுச் சபைக்காரர். ஆனால் தீவிர சர்ச் ஆள் மாதிரி வேஷம் கட்டி, மாற்றுச் சபைக்காரர்களை ஒழித்துக்கட்டுங்கள் என்று எழுதினார். எதிர்த் தரப்பில் சிலர் நிஜம் என்று நம்பிப் பாராட்டியும் விட்டார்கள். உண்மை தெரிந்ததும் இரண்டு பக்கமும் கோபம். ஜூலை 1703-இல் மூன்று நாள் பில்லரியில், கழுத்தும் கையும் மரச்சட்டத்தில் மாட்டி, தெருவில் நிறுத்தினார்கள். அதற்கும் அவர் ஒரு பாட்டு எழுதி விற்கவைத்தார். சிறையிலிருந்து வெளியே வர உதவியவர் ராபர்ட் ஹார்லி என்ற அரசியல்வாதி. அடுத்த வருடமே ‘ரிவ்யூ’ பத்திரிகை, ஹார்லிக்குச் சாதகமாக. விலை கொடுக்காமல் எதுவும் கிடைக்காது போல.

சண்டை பிடிக்காதவர்களுக்கு ‘டாட்லர்’, ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகைகளில் கட்டுரை எழுதிய அடிசனும் ஸ்டீலும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தார்கள், ஆனால் மார்க் அங்கேயும் உண்டு. ‘டாட்லர்’ முதல் இதழில் எந்தச் செய்தி எந்தக் காபிக்கடையிலிருந்தோ சாக்லேட் கடையிலிருந்தோ வரும் என்று ஸ்டீல் பிரித்துக் கொடுக்கிறார். பொருத்துக கேள்விக்கு என்றே செய்த மாதிரி இருக்கும்:

காதல், கேளிக்கை: வைட்ஸ் சாக்லேட் ஹவுஸ்
கவிதை: வில்ஸ்
கல்வி: கிரீஷியன்
உள்நாட்டு, வெளிநாட்டுச் செய்தி: செயின்ட் ஜேம்ஸ்
மற்றதெல்லாம்: என் சொந்த அறையிலிருந்து

‘ஸ்பெக்டேட்டர்’ 10-ஆம் இதழை முழுதாகப் படியுங்கள், சின்னதுதான். தினம் 3,000 பிரதி, ஒன்றுக்கு இருபது வாசகர், ஆக அறுபதாயிரம் என்று அடிசன் கணக்குப் போடுவது அதில்தான். வியாபாரி பெருக்கிச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு தாளைச் சுற்றி ஒரு மேசையே உட்கார்ந்து பேசியது உண்மை. ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸ் சொல்லும் பொதுக்களம், மக்கள் கூடிப் பொது விஷயம் விவாதிக்கும் வெளி, இதுதான். அவருடைய ஜெர்மன் நூல் 1962, ஆங்கிலத்தில் 1989. அடுத்த வருடமே பெண்ணியச் சிந்தனையாளர் நான்சி ஃப்ரேசரின் மறுப்பு: பெண்களும் உழைப்பாளிகளும் அந்த மேசையில் எங்கே? யூனிட் 4 இப்படித்தான் தியரி யூனிட்டோடு கை கோக்கிறது.

ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

– 1588–89 மார்ட்டின் மார்ப்ரலேட் என்ற புனைபெயரில் பிஷப்புகளைக் கிண்டல் செய்த பிரசுரங்கள், ரகசிய அச்சகம்
– 1617 ரேச்சல் ஸ்பெக்ட், பெண்களைத் திட்டிய ஸ்வெட்னமுக்குப் பதில்
– 1649 சார்லஸ் மன்னர் பெயரில் ‘ஐகான் பசிலிகே’, அதே வருடம் மில்டனின் மறுப்பு
– 1662 லைசென்சிங் (அச்சுக்கு முன் அனுமதி) சட்டம், 1695-இல் காலாவதி
– 1675 டிசம்பரில் காபிக்கடைகளை மூடச் சார்லஸ் 2 உத்தரவு, எதிர்ப்பால் சில நாளிலேயே வாபஸ்
– 1712 பத்திரிகைகள் மீது ஸ்டாம்ப் வரி, ‘ஸ்பெக்டேட்டர்’ விலை இரட்டிப்பு
– 1724 புதிய செப்புக் காசை எதிர்த்த ஸ்விஃப்டின் டிரேப்பியர் கடிதங்கள் (களம் அயர்லாந்து, மறக்காதீர்கள்)

மாக் டெஸ்ட் எனக்கு ஒத்துவரவில்லை, ஆகவே அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். படித்ததைச் சண்டையாக யாரிடமாவது சொல்லிக் காட்டுவதுதான் என் ரிவிஷன். அமைதியாக உட்கார்ந்து கோடு போட்டுப் படிக்கிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். நெகட்டிவ் மார்க் இல்லை, ஒரு கேள்வியையும் விடாதீர்கள். பேப்பர் 1 (எல்லோருக்கும் பொதுவான தாள்) பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஜேஆர்எஃப் போனது அங்கேதான்.