பித்தப்பை ஆபரேஷனில் கேமரா பிடிக்கும் ரோபோ கை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் பலவற்றில், கல்லுக்காகச் சிறு துளைகள் வழியே (லேப்ராஸ்கோபி) பித்தப்பையை எடுக்கும்போது, உள்ளே படம் காட்டும் கேமரா ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) நர்ஸ் கையில்தான் இருக்கும். அரை மணி ஆனால் தோள் கடுக்கும், படம் ஆடும், சாயும். இந்த ஒரு வேலைக்காக வந்ததுதான் ரோபோ கை. அது அறுக்காது, தைக்காது. கேமரா பொருத்திய லென்ஸ் குழாயை (டெலஸ்கோப்) பிடித்து நகர்த்தும், அவ்வளவுதான். 1994-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஏசாப் என்ற கை முதல் தலைமுறை. பிறகு அது குரலுக்கும் கட்டுப்பட்டது. எண்டோஅசிஸ்ட் என்ற இன்னொரு கை சர்ஜனின் தலை அசைவைப் பார்த்து நகர்ந்தது, ஆனால் கால் பெடலை அழுத்தினால் மட்டும்.

பொருத்தும் வரிசை முக்கியம். தலைப்பக்கம் உயர்த்தி, வலப்பக்கம் தூக்கி மேஜையைச் சாய்த்துவிடுங்கள். தொப்புளில் 10 மி.மீ. போர்ட் (கருவிகள் நுழையும் குழாய்) வைத்து, வயிற்றுக்குள் 12 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுங்கள். அதன் பிறகே கையை மாட்ட வேண்டும். டெலஸ்கோப் திரும்பும் மையம் வயிற்றுச் சுவரில் அமைய வேண்டும். முதலில் மாட்டிவிட்டுப் பிறகு காற்று ஏற்றினால் சுவர் எழும்பி மையம் தவறும், போர்ட் தோலை இழுக்கும். தரையில் நிற்கும் வகை என்றால், மாட்டியபின் மேஜையை அசைக்கவே கூடாது.

பெரிய தலைவலி லென்ஸ்தான். கொழுப்புப் புகையும் ரத்தத் துளியும் படியும், ரோபோ துடைக்காது. கழற்றி, காஸ் துணியில் ஒற்றி, பிளாஸ்கில் உள்ள ஸ்டெரைல் வெந்நீரில் நுனியை அரை நிமிடம் வைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். குளிர்ந்த லென்ஸ் உள்ளே போனதும் பனி பிடிக்கும். வாங்கும்போது விலைக்கு முன் பார்க்க வேண்டியது, ஒரு கையால் கழற்றி மாட்ட வருகிறதா என்பதைத்தான்.

இன்னொன்று பலர் யோசிப்பதில்லை. மேல்வயிற்றுப் போர்ட்டில் கருவி நுழையும்போது, பழகிய நர்ஸ் கேமராவைத் தானாகப் பின்னிழுத்து, முனையைத் தொடர்ந்து வருவார். ரோபோ சொன்ன இடத்திலேயே நிற்கும். கருவி பார்வைக்கு வெளியே கல்லீரலையோ முன்சிறுகுடலையோ குத்தலாம். ஒவ்வொரு முறையும் பின்னிழுத்த பிறகே நுழைக்க வேண்டும்.

படம் ஆடாமல் நிற்பதே ஒரு மயக்கத்தையும் தரும்: முன்பக்கம் தெளிவாகத் தெரிகிறதே என்று குழாயை அடைக்கும் கிளிப்பைப் போடத் தோன்றும். கிளிப் போடும் முன் பார்க்க வேண்டியவை என்று அமெரிக்க சர்ஜன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-ல் வகுத்த மூன்று நிபந்தனைகளும் அப்படியே நிற்கின்றன. பித்தப்பை நாளம், பொதுக் கல்லீரல் நாளம், கல்லீரல் இவற்றுக்கு இடையே உள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் இரண்டே குழாய்கள் போக வேண்டும். பின்பக்கத்தைப் பார்க்க, 30 டிகிரி சாய்வாகப் பார்க்கும் டெலஸ்கோப்பைச் சுழற்ற வேண்டும். பல கைகளுக்கு அது வராது, லைட் கேபிளைக் கையால்தான் திருப்ப வேண்டும். சோம்பலில் விட்டால், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தையே வெட்ட நேரும்.

கரண்ட் போனால் கை இறுகி நிற்குமா, தொங்குமா என்று டெமோவிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். ரத்தம் பீறிட்டால் கழற்றும் பட்டன் எங்கே என்பது ஓ.டி.யில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கழற்றிய டெலஸ்கோப்பை விளக்கு எரிய டிரேப் (நோயாளியை மூடிய துணி) மேல் வைக்காதீர்கள். நுனிச் சூட்டில் துணி கருகும். சர்வீஸ் ஆள் பெங்களூரிலிருந்து வரும்வரை கேமரா பிடிக்கப்போவது அதே நர்ஸ்தான். அதனால் மாதம் சில கேஸாவது அவரையே பிடிக்க விடுங்கள்.