பேலீஃப் வீட்டில் கொஞ்சம் புகை

2024 பிப்ரவரி 17

சிசெஸ்டரிலிருந்து பேருந்தில் சிங்கிள்டன் போய் இறங்கும்போதே நல்ல மழை. இங்கிலாந்தில் சசெக்ஸின் இந்தச் சின்ன ஊரில் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. இடியவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, புல்வெளியில் மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். நான் போனது பேலீஃப் பண்ணைவீட்டைப் பார்க்க.

நடுவில் கூடம். அதற்கு மேல் மாடி கிடையாது, நிமிர்ந்தால் முகடுவரை தெரியும். இரண்டு ஓரத்திலும் மாடி அறைகள், அவை கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கூரை மட்டும் ஒரே கூரை, முன்பக்கம் நேராக ஓடுகிறது, அதனால் நடுக்கூடத்தின் சுவர் உள்வாங்கி நிற்க, அங்கே கூரை விளிம்பைத் தாங்க வளைந்த மரங்களை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கென்ட், சசெக்ஸ் பக்கம் இந்த அமைப்பை வீல்டன் வீடு என்பார்கள்.

புகைபோக்கி இல்லை! கூடத்துத் தரை நடுவிலேயே அடுப்பு. இன்று தீ மூட்டியிருந்தார்கள். நின்றால் கண் எரிகிறது, பெஞ்சில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, புகை தலைக்கு மேலேயே நின்றுவிட்டு மெல்லக் கூரை வழியாக வெளியேறுகிறது. சன்னலிலும் கண்ணாடி கிடையாது, நெட்டுக்கு நிற்கும் மரக்கம்பிகளும் உள்ளே ஒரு கதவும்தான். 15ஆம் நூற்றாண்டில் ஓரளவு வசதியான குடியானவர் வீடு இது. மாடியில் கழிப்பறைகூட உண்டு, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு. அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம்.

2024 பிப்ரவரி 18

கோட்டில் இன்னும் புகை வாசனை. ஒரு நாள் போன எனக்கே இப்படி.

2024 மார்ச் 24

மறுபடி போனேன். போன தடவை விட்டுப்போன கேள்வி ஒன்று இருந்தது: இவ்வளவு பெரிய வீட்டை எப்படிப் பிரித்தார்கள்?

கதை இதுதான். இந்த வீடு இருந்தது கென்டில், சிடிங்ஸ்டோன் ஊருக்குப் பக்கத்தில். பவ் பீச் நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தப் பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் போகவிருந்தது, அதனால் 1960களின் கடைசியில் வீட்டைக் கழற்றி எடுத்து, 1972இல் இங்கே நிறுத்தினார்கள். மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் கூடமும் அதையொட்டிய ஒரு பக்கமும் 1405க்கும் 1430க்கும் இடையில் கட்டியவை, மறுபக்கம் 1500களின் தொடக்கத்தில் சேர்த்தது.

கழற்ற முடிந்ததற்குக் காரணம், முதலிலேயே துண்டு துண்டாகச் செய்து பொருத்திய வீடு அது என்பதுதான். அந்தக் காலத்துத் தச்சர்கள் பச்சை ஓக் மரத்தில் வேலை செய்தார்கள், காய்ந்தால் ஓக் இரும்பாகிவிடும். சட்டங்களைத் தரையில் கிடத்தி இழைத்து, பொருத்திப் பார்த்து, சேர வேண்டிய இரண்டு மரத்திலும் உளியால் ஒரே எண்ணை வெட்டி, மறுபடி பிரித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எண் ரோமன் எண்தான், ஆனால் நாலுக்கு வெறும் நாலு கோடு. சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசிவிட்டால் சுவர் ஆயிற்று. கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்று காலண்டரில் பார்க்கிறோமே, அது பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். பேலீஃபின் மரம் சாயமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கிறது.

வேலை செய்து காட்டிய தச்சர் ஒருவரிடம் ஆணி எங்கே என்று கேட்டேன். சிரித்தார். ஒரு மரத்தின் நுனியை நாக்கு போலச் செதுக்கி, இன்னொன்றின் துளைக்குள் செருகி, குறுக்கே மரமுளை அடிக்கிறார்கள். நாக்கில் போடும் ஓட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதுதான் சூட்சுமம். ஓட்டைகள் நேராக நிற்காததால் முளை வளைந்து நெளிந்து உள்ளே போகும்போது மூட்டைத் தானே இழுத்து இறுக்கும். நீங்கள் ஒரு அடி அடிங்கள் என்று கொட்டாப்புளியைக் கையில் கொடுத்தார். முதல் அடி மரத்தில் படவில்லை. மூன்றாவதில், நகம் நுழையும் அளவுக்கு இருந்த இடைவெளி கண்ணெதிரே மூடிக்கொண்டது.