பனியில் நார்த் கேப்

வெயில் காலத்தில் நார்வேயின் வடக்குக் கோடியில் கடலோர முனையான நார்த் கேப் போய் போட்டோ போடுபவர்கள் ஏராளம். பனிக்காலத்தில் பைக்கில் போவது வேற சங்கதி. 71 டிகிரி வடக்கு அட்சரேகை. நவம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி மூன்றாவது வாரம்வரை சூரியன் எட்டியே பார்க்காது. அதனால்தான் நாங்கள் மார்ச்சைப் பிடித்தோம்.

ஆணி டயர் (ரப்பரில் சின்ன உலோக ஆணிகள் பதித்தது) இல்லையென்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். ஆணி கடித்துவிட்டால் ஐஸ் மேல் வண்டி தைரியமாகவே போகும். பனி இல்லாத தார் ரோடுதான் வயிற்றைக் கலக்குகிறது, அங்கே ஆணி வழுக்கும்.

மைனஸ் 15ல் 60 கி.மீ. வேகம் போனால் தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 30. ஹீட்டட் கிரிப் (சூடாகும் கைப்பிடி), அதன் மேல் உறை, சூடாகும் ஜாக்கெட் எல்லாம் இருந்தும் முதலில் மரத்துப்போவது கட்டைவிரல். மூச்சு பட்ட இடத்தில் ஹெல்மெட் வைசரின் உள்பக்கம் உப்புப் பூத்த மாதிரி உறைகிறது. நகத்தால் சுரண்டிக்கொண்டே ஓட்டினேன்.

நார்த் கேப் இருக்கும் தீவுக்குப் போகும் சுரங்கம் கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே இறங்கி ஏறுகிறது. உள்ளே தண்ணீர் உறையாமலிருக்க வாசலில் கதவு. வண்டி நெருங்கினால் தானே திறக்கும். (நம்ம ஊர் மால் கதவு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.) கடைசி 13 கி.மீ. தனியாகப் போக முடியாது. குறித்த நேரத்தில் பனி அள்ளும் வண்டி முன்னால் போகும், பின்னாலேயே வரிசையாகப் போகணும். காற்று பலமென்றால் அதுவும் கிடையாது.

"எந்த பைக்ண்ணே?" என்று கேட்ட தம்பிக்கு: எதுவானாலும் சரி, ராத்திரி பேட்டரியைக் கழற்றி ரூமுக்குள் எடுத்துட்டுப் போயிடு.