சீ ராஞ்ச் நீச்சல்குளமும் வாடகைக் கார் வயிற்றெரிச்சலும்

முதலில் அந்தக் கார் கம்பெனியைத் திட்டிவிடுகிறேன். இணையத்தில் காட்டியது ஒரு தொகை. கவுண்டரில் இன்சூரன்ஸ், சுங்கக் கருவி, இன்னும் ஏதோ கட்டணம் என்று அடுக்கி, சாவி கைக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே சுமார் 100 மைலில் இருக்கும் கடலோரக் குடியிருப்பு சீ ராஞ்ச், அங்கே கார் இல்லாமல் போவது பெரும்பாடு. அது அவர்களுக்கும் தெரியும்.

ஜென்னர் என்ற ஊரைத் தாண்டியதும் ஒன்றாம் நம்பர் நெடுஞ்சாலை மலை விளிம்பில் வளைந்து வளைந்து ஏறுகிறது. கீழே பசிபிக். அதற்கு முன்னால் போடேகா பே என்ற ஊரில் சாப்பிட்ட நண்டு சாண்ட்விச் உள்ளேயே தங்கியது பெரிய விஷயம். வெண்ணெயில் வாட்டிய ரொட்டி, பிதுங்கி வழியும் நண்டுச் சதை. விலை அநியாயம்தான், ஆனாலும் இன்னொன்று வாங்கியிருக்கலாம்.

சரி, போனது சீ ராஞ்சில் இருக்கும் மூன்ரேக்கர் நீச்சல்குளத்தைப் பார்க்க. வெளியே ஒன்றுமே இல்லை. இங்குள்ள வீடுகளைப் போலவே வெயிலிலும் உப்புக்காற்றிலும் சாம்பல் பூத்த மரப்பலகை. காற்றுக்குப் பயந்து மண்மேட்டுக்குள் பதுங்கிய கட்டடம். உடை மாற்றும் பகுதிக்குள் நுழைந்ததும் ஆடிப்போனேன்! வெள்ளைச் சுவரில் சிவப்பும் நீலமும் கறுப்புமாக ஆளை விழுங்கும் பட்டைகள், அம்புக்குறிகள், வளைவுகள். ஒரு கோடு சுவரில் தொடங்கி மூலையில் திரும்பி மாடிப்படியோடு ஏறுகிறது. குறுகலான இடம் என்பதே மறந்துபோகிறது.

வரைந்தவர் பார்பரா ஸ்டாஃபாகர் சாலமன், 1966இல். நடனக்காரராக இருந்தவர், கணவர் இறந்த பிறகு பிழைப்புக்காக சுவிட்சர்லாந்தின் பாசெலில் ஆர்மின் ஹாஃப்மனிடம் கிராஃபிக் டிசைன் படித்தார். கட்டடத்துக்கான பணம் கரைந்துவிட்டதால் பெயிண்ட்தான் மலிவான வழி என்று அவரைக் கூப்பிட்டார்களாம். விளம்பரப் பலகை எழுதும் பெயிண்டர்களை வைத்து முடித்துவிட்டார். இந்தப் பாணிக்கு 'சூப்பர்கிராஃபிக்ஸ்' என்ற பெயரே அதற்கப்புறம்தான் பரவியது. நம்மூர் ஷோரூம்களில் சும்மா ஒரு ராட்சத எழுத்தை ஒட்டிவைக்கிறார்களே, அதெல்லாம் இதன் கால்தூசி.

மலிவாகச் செய்த வேலையைப் பார்க்க நான் கொடுத்தது மலிவல்ல. இங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கும் வாடகைக்குத் தங்குபவர்களுக்கும்தான் குளத்தில் அனுமதி. இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு வீடு எடுங்கள், தனியாக எடுத்தால் கட்டுப்படியாகாது. வழியில் போன் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். நண்டு சாண்ட்விச்சை மட்டும் திரும்பி வரும்போது சாப்பிடுங்கள்.