சந்தூர்ப் பக்கம் ஒரு கரிக்குழி

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் தாண்டி சந்தூர் பக்கம் போனால் பார்க்கிற இடமெல்லாம் மாந்தோப்புதான். காய்ப்பு முடிந்து கவாத்து செய்யும் சமயம். தோப்புக்குத் தோப்பு வெட்டிய கிளைகள் குவிந்து கிடந்தன. பெரும்பாலும் அப்படியே கொளுத்திவிடுவார்கள். மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல். நண்பரின் மாமா மட்டும் அதைக் கரியாக்கி, அதாவது பயோசாராக மாற்றி, மண்ணில் போடுகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

எந்திரம் எதுவும் இல்லை. மேலே அகன்று கீழே குறுகிய, இடுப்பளவு ஆழக் குழி. நன்றாகக் காய்ந்த சுள்ளிகளைப் பற்றவைத்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுகிறார். புகையே இல்லை என்று சொல்லலாம். ஈரக் கிளை ஒன்று விழுந்தபோது மட்டும் கண் எரிந்தது.

“மேல தீ எரியுற வரைக்கும் கீழ காத்து போவாது தம்பி. அதான் அடியில இருக்கிறது கரியாவே நிக்குது” என்றார். குழி நிறைந்ததும் தண்ணீரை ஊற்றி அணைத்தார். ஒரு துண்டை எடுத்து ஒடித்தேன். கண்ணாடிபோலச் சத்தம், உள்ளே முழுக்கப் பொடித்துளை.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். கரியாக்கும்போது அதிலும் பாதி போய்விடும். மிஞ்சுவதில் பெரும்பகுதி மண்ணில் நூற்றாண்டுகள் கிடக்கும். அமேசான் காட்டுப் பழங்குடிகள் கரி கலந்து உண்டாக்கிய மண் இன்றும் கறுப்பாகவே இருக்கிறது. ஒரு கிலோ கார்பன் மண்ணில் தங்கினால் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குப் போகவில்லை என்று கணக்கு.

இப்படிக் காற்றுக்குப் போகாமல் தடுத்த கார்பனுக்குச் சான்று வாங்கி விற்பதைக் கார்பன் கிரெடிட் என்கிறார்கள். அது காசாகுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அளந்து சான்று வாங்கும் செலவுக்குச் சின்னத் தோப்பு தாங்காது என்பதுதான் என் எண்ணமும். அவருக்கு வேண்டியது செம்மண்ணில் ஈரம் நிற்பது.

வெறும் கரியை மண்ணில் போட்டால் இருக்கிற தழைச்சத்தையும் அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் சாணம், கோமியத்தோடு ஊறவைத்து, மரத்தின் நிழல் விழும் ஓரமாக வட்டம் வெட்டிப் போடுகிறார். மரக்கரி காரத்தன்மை உள்ளது. ஏற்கெனவே காரம் மிகுந்த களர் நிலக்காரர்கள் மண்ணைப் பரிசோதிக்காமல் இறங்க வேண்டாம். கரிக்காக நல்ல மரத்தை வெட்டுவது சுத்த அபத்தம்.

ஒரு வரிசைக்குக் கரி போட்டு, பக்கத்து வரிசையைச் சும்மா விட்டிருக்கிறார். வித்தியாசம் அடுத்த காய்ப்பில் தெரியும் என்கிறார்.