மூன்று டாலர் ரயிலும் வெள்ளிக்கிழமை உலையும்

நியூயார்க்கில் 2026 ஜனவரி 4 முதல் சப்வே என்கிற சுரங்க ரயிலின் கட்டணம் 2.90லிருந்து 3 டாலர். பத்து சென்ட்தானே என்பவர்கள் தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகாதவர்கள். பழைய பயண அட்டையான மெட்ரோகார்டின் விற்பனையும் 2025 டிசம்பரோடு முடிந்தது, அதற்கு அம்மா என்னைத் திட்டுகிறார், நானா நிறுத்தினேன்?

புது மேயர் மம்தானி பழைய சிட்டி ஹால் சப்வே ஸ்டேஷனில் நள்ளிரவில் பதவியேற்றதிலிருந்து எங்கள் யூதக் குடும்பத்தில் வேறு பேச்சே இல்லை. ஓட்டுப் போட்ட தங்கைக்கும் போடாத மாமாவுக்கும் இஸ்ரேல் விஷயத்தில் குரல் உயர, பாட்டி பேச்சை வீட்டு வாடகைக்குத் திருப்பிவிட்டார், அதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

ஞாயிறு காலை ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் பார்னி கிரீன்கிராஸ். 1908இல் தொடங்கிய கடை, ஞாயிறன்றுதான் கூட்டம் அள்ளும். ஸ்டர்ஜன் மீனும் வதக்கிய வெங்காயமும் சேர்த்துக் கிளறிய முட்டை, கூட பேகல் என்கிற வளைய ரொட்டி ஒன்று, அப்புறம் மதியச் சாப்பாடு எதற்கு?

வெள்ளிக்கிழமைதான் ஓட்டம். இந்தக் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, நாலரைக்குள் விளக்கேற்றியாக வேண்டும், சப்பாத் என்கிற எங்கள் வாராந்திர ஓய்வு நாள் தொடங்கிவிட்டால் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. அதனால் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி எல்லாம் போட்டு சோலன்ட் என்கிற குழம்பை மெல்லிய சூட்டில் வைத்துவிட்டால் சனி மதியம் வரை தானாக வேகும். அடியில் பழுப்பேறி ஒட்டிய உருளைக்கிழங்குக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும், இந்த வாரம் ஜெயித்தது மாமா.