விரிசல் விட்ட ஆன்டெனா: சிறு விமானத்தில் கழற்றி மாற்றும் வேலை

மழை பெய்தால் ரேடியோ கரகரக்கிறது, இரண்டு நாள் வெயில் அடித்ததும் தானாகச் சரியாகிறது. இப்படி நடந்தால் ரேடியோப் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் ஆன்டெனாவின் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் உறையில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் கோபுரத்துக்குக் குரல் தெளிவாகக் கேட்கும்; தூரம் போகப் போகத் தேயும். அதனால்தான் பல மாதங்கள் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

விரிசல் எங்கே தொடங்கியது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். நீளக் கம்பி ஆன்டெனா என்றால் அடியில், கம்பி உறைக்குள் நுழையும் இடத்தில் விடும். அது அதிர்வின் வேலை. ஸ்க்ரூத் துளையிலிருந்து கிளம்பியிருந்தால் மாட்டியவர் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார், அல்லது வளைந்த தகட்டின் மேல் தட்டையான அடிப்பாகத்தை இழுத்துப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். அடிவயிற்றில் இருக்கும் ஆன்டெனாவை யாராவது காலால் இடித்திருப்பார்கள். கூரை மேல் இருப்பதை, விமானத்துக்குப் போர்த்தும் உறையின் பட்டை மாட்டி இழுத்திருக்கும்.

முதலில் அது உண்மையில் விரிசலா, பெயின்ட் வெடிப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, 10 மடங்கு லென்ஸில் பார்த்துக்கொண்டே நுனியை மெதுவாக அசையுங்கள். கோடு திறந்து மூடினால் அது உறையின் விரிசல். துடைத்த பிறகும் கோட்டில் மட்டும் ஈரம் தங்கி, மெல்லக் கசிந்து வெளியே வந்தாலும் அப்படித்தான்.

எபாக்ஸி வைத்து அடைத்துவிடலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வேண்டாம். உறைக்குள், ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் மின்சுற்றும் அலையை வீசும் உலோகமும் சேர்த்து வார்க்கப்பட்டிருக்கின்றன. புகுந்த ஈரத்தை வெளியே எடுக்க வழியில்லை. மேலே அடைத்தால் அந்த ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான் மிச்சம். மேற்பூச்சு மட்டும் தேய்ந்திருந்தால், தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் பெயின்ட்டைப் பூசலாம். உலோகத் துகள் கலந்த பெயின்ட் கூடவே கூடாது. டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி), ஜி.பி.எஸ் ஆன்டெனாக்களின் மேல் தடிப்பாகப் பூசினாலே அலைவரிசைப் பொருத்தம் நகர்ந்துவிடும்.

ஆக, மாற்றுவதுதான் வழி. அதே பார்ட் நம்பர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வேறு மாதிரி என்றால் துளை அமைப்பு, தாங்கும் வேகம், கனெக்டர் வகை, அந்த விமானத்துக்கு ஒப்புதல் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்க எஃப்.ஏ.ஏ 8130-3 அல்லது ஐரோப்பிய ஈ.ஏ.எஸ்.ஏ படிவம் 1 போன்ற சான்றுத் தாள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பொருளை வாங்கும்போதே பாருங்கள். வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் உரிமம் பெற்ற பராமரிப்பாளர்.

கழற்றும் முன் ஓர் அளவு எடுத்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும். விமானத்தை ஹேங்கரை விட்டு வெளியே தள்ளி, ஆட்களை விலக்கிவிட்டு, ஆன்டெனா முனையில் எஸ்.டபிள்யூ.ஆர் (அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் விகிதம்) பாருங்கள். ரேடியோ முனையில் பார்த்தால், ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளில் ஏற்படும் இழப்பு, திரும்பி வரும் சக்தியையும் விழுங்கி, அளவை நல்லதுபோலக் காட்டும். குரல் ரேடியோவுக்கு 118, 127, 136 மெகாஹெர்ட்ஸ் என மூன்று இடத்தில் பார்த்தால் போதும். 2:1 என்றால் 10 வாட்டில் சுமார் 1.1 வாட் திரும்பி வருகிறது. 3:1 என்றால் 2.5 வாட். ஆன்டெனாவோ, அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடோ மாட்டாமல் ஒருபோதும் பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள்.

இனி மாஸ்டர் சுவிட்சை அணைத்து, பேட்டரியையும் பிரித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஜி.பி.எஸ் ஆன்டெனாவுக்குக் கோஆக்ஸ் வழியாகவே மின்சாரம் போவதால் இது இன்னும் முக்கியம். ஸ்க்ரூக்களை எடுத்ததும் ஆன்டெனா கையோடு வராது, தண்ணீர் புகாமல் ஓரத்தை அடைத்த பழைய சீலன்ட் பிடித்துக்கொள்ளும். உளியோ ஸ்க்ரூடிரைவரோ விட்டு நெம்பினால் தகட்டில் கீறல் விழும். அந்தக் கீறலிலிருந்தே பிறகு தகடு வெடிக்கும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலை அடியில் கொடுத்து ரம்பம்போல இழுங்கள், நூல் மெதுவாக அறுத்துக்கொண்டே போகும். ஆன்டெனா இரண்டு விரல் உயரம் எழும்பியதும் நிறுத்தி, கனெக்டருக்குக் கீழே கோஆக்ஸில் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் பிறகே கனெக்டரைத் திருகுங்கள். கயிறு கட்டாமல் விட்டால் கோஆக்ஸ் துளை வழியாக உள்ளே நழுவி விழும். அதைத் தேட உட்கூரையைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஆன்டெனாவை எடுத்ததும் அடியில் தெரியும் தகடுதான் இந்த வேலையின் உயிர். குரல் ரேடியோ ஆன்டெனா கால் அலை நீளம் கொண்டது; 127 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 59 சென்டிமீட்டர். மீதிப் பாதியை விமானத்தின் அலுமினியத் தகடுதான் தருகிறது. அடிப்பாகத்துக்கும் தகட்டுக்கும் இடையில் மின்தொடர்பு கெட்டால் புத்தம் புது ஆன்டெனாவும் பாதி ஆன்டெனாதான். பழையதை எடுத்த இடத்தில் பெரும்பாலும் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும், அல்லது யாரோ தகட்டுக்குப் பெயின்ட் அடித்து அதன் மேலேயே மாட்டியிருப்பார்கள். நைலான் உராய்வுத் துணியால் வெறும் உலோகம் தெரியும் வரை தேய்த்துவிட்டு, விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு உள்பக்கத்தையும் பாருங்கள். துளைகளைச் சுற்றி முடி போன்ற கோடு, ரிவெட்டைச் சுற்றிக் கரும்புகை படிந்ததுபோன்ற தடம், தகட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் 'டொக்' என்று உள்வாங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆன்டெனா வேலையை அப்படியே நிறுத்திவிட்டுத் தகட்டு வேலைக்குப் போக வேண்டும். இடிபட்டு உடைந்த ஆன்டெனாவில் இது அடிக்கடி கண்ணில் படும்.

தேய்த்த அலுமினியத்தை வெறுமனே விட்டால் மறுபடி அரிக்கும், பெயின்ட் அடித்தால் மின்தொடர்பு போகும். அதற்குத்தான் அலோடைன் பூச்சு. பூசிச் சில நிமிடங்களில் தகடு இளந்தங்க நிறத்துக்கு மாறும். அந்த நேரத்தில் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். கூடுதலாக விட்டால் பழுப்புப் பொடியாகித் துடைத்தாலே வந்துவிடும். அதில் குரோமிய நச்சு உண்டு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். துடைத்த துணி காய்ந்தால் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அலசிய பிறகே அப்புறப்படுத்துங்கள்.

கோஆக்ஸை இந்த நேரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. விரிசல் வழியே வந்த தண்ணீர் கனெக்டருக்குள்ளும் போயிருக்கும். கேபிளின் உள்ளே பின்னியிருக்கும் கம்பிச் சடை பச்சையாகவோ கருப்பாகவோ இருந்தால் முனையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடாமல், பழைய ஆர்.ஜி-58 கேபிள் முழுவதையும் எடுத்துவிட்டு இரட்டைச் சடை கொண்ட ஆர்.ஜி-400 போடுங்கள். வளைவின் ஆரம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மல்டிமீட்டரில் ஆன்டெனா கனெக்டரின் நடு ஊசியும் வெளி உலோகமும் ஒட்டியதாகக் காட்டினால் உடனே பயப்பட வேண்டாம். சில ஆன்டெனாக்களின் வடிவமைப்பே அப்படித்தான். புதியதிலும் அதே அளவு வருகிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது கேஸ்கெட் புதியதாக இருக்கட்டும். மின்சாரம் கடத்தாத கேஸ்கெட் என்றால் ஸ்க்ரூக்கள்தான் தொடர்பைத் தருகின்றன, அவற்றின் தலை உட்காரும் இடமும் சுத்தமாக இருக்க வேண்டும். எதிரெதிர் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள முறுக்கு விசை (டார்க்) அளவு வரை மட்டும் இறுக்குங்கள். சீலன்ட் வைக்கும் முன் அடிப்பாகத்துக்கும் தகட்டுக்கும் இடையே மில்லி ஓம் மீட்டர் வைத்துப் பாருங்கள். 3 மில்லி ஓமுக்குள் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது, அதன் வயர்களின் தடையே இதைவிடப் பல மடங்கு. அளவு கூடினால் மறுபடி கழற்றித் தேய்ப்பது தவிர வேறு வழியில்லை.

ஓரங்களுக்குப் பாலிசல்ஃபைட் சீலன்ட். பி-2 என்று போட்டிருந்தால் கலந்த பிறகு சுமார் 2 மணி நேரமும், பி-1/2 என்றால் அரை மணி நேரமும் கையாளலாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அந்த அமிலமே அலுமினியத்தைத் தின்றுவிடும்.

சீலன்ட் காய்ந்ததும் முன்பு பார்த்த அதே மூன்று அலைவரிசைகளில், அதே இடத்தில் வைத்து மறுபடி அளவு எடுங்கள். டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா என்றால் சோதனைக் கருவி வைத்துப் பார்க்காமல் பறக்க வேண்டாம். பார்ட் நம்பர், சீரியல் நம்பர், மில்லி ஓம் அளவு, மூன்று எஸ்.டபிள்யூ.ஆர் அளவுகள் எல்லாவற்றையும் லாக்புக்கில் எழுதிவிடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு சீலன்ட் ஓரத்தை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள்; எங்காவது எழும்பியிருந்தால் அன்றே எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம்.